லாட்ஜ் தம்பிங்களுக்கும் நம்பிக்கை மையத்து அக்காவுக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கங்க. நான் வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ஒரு பில்டிங் சைட்ல சூப்பர்வைசர். போன ஞாயித்துக்கிழமை எங்க லேபர் ஷெட்ல எச்ஐவி டெஸ்ட் கேம்ப் நல்லபடியா முடிஞ்சுது, ஓடி வந்து உதவி பண்ணவங்களுக்கு அன்னிக்கு ஒரு வார்த்தை கூட சொல்ல முடியல, அதான் இந்த மடல்.

முதல்ல என் தப்ப சொல்லிடறேன். ரெண்டு மாசம் முன்னாடி இதே கேம்ப்ப ஒரு புதன்கிழமை காலைல 11 மணிக்கு வெச்சேன், வந்தது நாலே பேர், அதுல ஒருத்தன் பிஸ்கட் குடுப்பாங்கன்னு வந்தவன். எனக்கு செம கோவம். நம்பிக்கை மையத்து (கவர்மென்ட் எச்ஐவி டெஸ்ட் மையம்) கவுன்சிலர் அக்கா தான் கேட்டாங்க, ஏன்ப்பா, அரை நாள் கூலிய விட்டுட்டு எவன் வருவான், தமிழ்ல நோட்டீஸ் ஒட்டுனா பீகார்காரனுக்கு இன்னா புரியும், மேஸ்திரி மொறைச்சிகினு நிக்கிற எடத்துல எவன் கைய நீட்டுவான்னு. பதில் சொல்ல வாயே வரல. அக்கா, அன்னிக்கு திட்டுனதுக்கே தனியா ஒரு நன்றி.

அப்புறம் தான் ஞாயித்துக்கிழமை சாயந்தரம்னு மாத்துனோம், மேஸ்திரிங்க யாரும் ஷெட் பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லிட்டோம். பாஷைக்கு காந்தி ரோடு லாட்ஜ் தம்பிங்க வந்தாங்க. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற கல்கத்தாக்காரங்களுக்கு ரூம் போட்டு குடுத்து, கூடவே லைன்ல நின்னு நின்னு பெங்காலி கத்துகினவங்க இவங்க, இவங்க பேசறத கேட்டுட்டு பெங்கால் பசங்களே 'தாதா நீ எந்த ஊரு'ன்னு கேக்கறாங்க! ஒடிசா பசங்களுக்கும் அதுல பாதிக்கு மேல புரிஞ்சுது. கொசு கடிச்சா வருமா, ஒரே தட்டுல சாப்ட்டா வருமா, கக்கூஸ்ல வருமான்னு வெக்கப்படாம கேட்டாங்க, வராதுன்னு தம்பிங்களும் பொறுமையா சொன்னாங்க. போன வாரம் தப்பு நடந்திருந்தா இன்னிக்கு டெஸ்ட்ல தெரியாம போலாம், மூணு மாசம் கழிச்சு திரும்ப பாக்கணும்னு அக்கா சொன்னத நாலு தடவ மாத்தி மாத்தி சொன்னான் ஒரு தம்பி.

பக்கத்து தெருக்காரர் ஒருத்தர், வடநாட்டுக்காரனுங்க தான் இத கொண்டாறானுங்கன்னு ஆரம்பிச்சார். நம்மூரு பசங்களும் பெங்களூருல இதே மாதிரி தகர ஷெட்ல தானேங்க படுத்துகினு இருக்காங்க. எங்க குடியாத்தம் கொத்தனார் அண்ணன் ஒண்ணும் பேசல, நேரா போய் மொத ஆளா வெரல நீட்டுனார், அப்புறம் தான் லைனே வந்துச்சு. அண்ணே, உங்களுக்கு எத்தன நன்றி சொன்னாலும் பத்தாது.

ரத்தம் எடுத்த லேப் டெக்னீஷியன் சாருக்கும் நன்றி. 1986-ல சென்னையில எடுத்த ரத்தத்த வேலூர் சிஎம்சி லேப்ல பாத்து தான் இந்தியாவுல எச்ஐவி இருக்குன்னே மொதல்ல தெரிஞ்சுதாம், அவர் சொல்லி தான் எனக்கே தெரியும், இத்தன வருஷமா இந்த ஊர்ல இருந்துகினு!

யாருக்கு இன்னா ரிசல்ட்னு எனக்கு தெரியாது, ஓனர் கேட்டாலும் சொல்ல மாட்டாங்க, 2017 எச்ஐவி சட்டம் அப்டி. ஆனா அக்கா எல்லாருக்கும் பொதுவா சொன்னது இது: கேம்ப்ல வந்த ரிசல்ட்ட மட்டும் வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க, மையத்துல திரும்ப டெஸ்ட் பண்ணுவாங்க. எச்ஐவி இருந்தா, அத அடக்கி வெக்கிற ஏஆர்டி மாத்திரை ஃப்ரீ, ஊருக்கு போனாலும் ட்ரான்ஸ்ஃபர் வாங்கிகினு அங்கயே மாத்திரை வாங்கிக்கலாம். சந்தேகம்னா 1097 எச்ஐவி ஹெல்ப்லைனுக்கு போன் போட்டு ஹிந்திலயே பேசலாம், காசு கெடையாது.

நேத்து ஒரு பையன் வந்து, மாசத்துக்கு ஒரு நாள் லீவு வேணும் சார்னான். எதுக்குன்னு கேக்கல, சரின்னுட்டேன்.

டீக்கடை பாய், அறுவது டீக்கு பாதி காசு தான் குடுத்தேன், மீதி சனிக்கிழமை தந்துடறேன். அப்புறம் ஒடியா நல்லா பேசறவங்க வேலூர்ல யாராச்சும் இருந்தா சொல்லுங்க, அடுத்த கேம்ப்புக்கு வேணும்.