கூப்பிட்டால் குட்டி வர வேண்டுமென்றால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில் பெங்களூரு வாசகர் ஒருவர், தமது எட்டு மாத லாப்ரடார் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று வருந்தி எழுதியிருந்தார். ஐந்து மாதத்தில் ‘உட்கார்’ என்றதும் உட்கார்ந்த குட்டி, இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம். ‘யார் எஜமானர் என்று காட்டுங்கள். கழுத்தை இறுக்கும் சங்கிலியைப் போட்டு இரண்டு இழு இழுங்கள், அடங்கிவிடும்’ என்று பதில் வந்திருந்தது. படித்ததும் மனம் பதறிவிட்டது. அதை நம்பி எத்தனை வீடுகளில் சங்கிலி வாங்கியிருப்பார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் குட்டிக்குத் திமிர் இல்லை. அது விடலைப் பருவத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதையேதான் சொல்கிறது. ஐந்து மாதத்தில் வளர்ப்பவரின் ‘உட்கார்’ என்ற சொல்லுக்குப் பணிந்த நாய்கள், எட்டு மாதத்தில் அதே சொல்லை அடிக்கடி சட்டை செய்யவில்லை. ஆனால் அறிமுகமில்லாத ஒருவர் சொன்னபோது நன்றாகவே கேட்டன. ஒரு வயதை நெருங்கியதும் பழையபடி சொல் கேட்கத் தொடங்கிவிட்டன. இடைப்பட்ட மாதங்களில் பொறுமையை இழப்பவர்கள்தான் நாயை அடிக்கிறார்கள், அல்லது எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்.

‘எஜமானர்’ பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதியதிலிருந்து, கூட்டத்தில் வலியதே சண்டையிட்டுத் தலைமையைப் பிடிக்கும் என்று வளர்ந்த கருத்து அது. காட்டில் ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக், 1999-இல் அதைத் திருத்தினார். ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான். அங்கே பதவிக்குச் சண்டை நடப்பதில்லை என்றார். நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் சிலர் இன்னும் பழையதையே சொல்லிப் பணம் வாங்குகிறார்கள்.

அல்சூரில் எங்கள் தெருவில் தினமும் காலையில் நடப்பதைச் சொல்கிறேன். ஒருவர் தம் நாயை அவிழ்த்துவிட்டு, புறப்படும் நேரம் வந்ததும் கத்திக் கூப்பிடுவார். அது மோந்து முடித்துவிட்டு, தாமதமாக, வாலைத் தாழ்த்தியபடி வரும். வந்ததும் முதுகில் ஓர் அடி விழும். அடித்தவர், தாமதமாக வந்ததற்குத் தண்டனை கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறார். நாயோ, அருகில் வந்ததற்குக் கிடைத்த அடியாகவே அதை எடுத்துக்கொள்கிறது. இப்போதெல்லாம் அவர் கை எட்டாத தூரத்தில் நின்று, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் ஓர் அடி எடுத்து வைத்தால் அதுவும் ஓர் அடி பின்வாங்குகிறது.

கூப்பிட்டு வந்த நாய்க்கு நல்லது மட்டுமே நடக்க வேண்டும். குளிப்பாட்டவோ, நகம் வெட்டவோ, மருந்து கொடுக்கவோ வேண்டுமென்றால் கூப்பிடாமல் நாமே அதனிடம் போக வேண்டும். பூங்காவில் கூப்பிடுவதெல்லாம் வீட்டுக்குப் புறப்படத்தான் என்று அதற்குப் புரிந்துவிட்டால் பிறகு வராது. ஆகவே விளையாட்டின் நடுவில் கூப்பிடுங்கள். வந்ததும் அவித்த கோழித் துண்டோ முட்டைத் துண்டோ பட்டாணி அளவு கொடுத்து, கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டி, உடனே கழற்றி மறுபடியும் ஓட விடுங்கள். (உலர் திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம். குழந்தைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.) வந்து நின்ற அந்த நொடியிலேயே பாராட்டு கிடைக்க வேண்டும். பையைத் துழாவிப் பிஸ்கட் எடுப்பதற்குள் அது உட்கார்ந்து, எழுந்து, அணிலைப் பார்த்திருக்கும். எதற்காகக் கொடுத்தோம் என்று அதற்குத் தெரியாது.

முதலில் வீட்டுக் கூடத்தில் பழக்க வேண்டும். பிறகு மொட்டை மாடி, அடுக்குமாடி வளாகத்தின் வாசல், அதன் பிறகுதான் கப்பன் பூங்கா போன்ற இடங்கள். கூடத்தில் கற்ற ‘வா’வை அணிலும் தெருநாயும் உணவு கொண்டுவரும் பையனின் வண்டியும் இருக்கிற இடத்தில் புதிதாகத்தான் கற்க வேண்டும். அதுவரை பத்து மீட்டர் நீளக் கயிறு போதும். அதைக் கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டையில் கோத்தால் கழுத்துக்குச் சேதம் வராது. கூப்பிடுவது ஒருமுறைதான். வராவிட்டால் பத்துத் தடவை கத்தாமல், நாம் எதிர்த்திசையில் ஓடினால் குட்டி பின்னாலேயே வரும். வீட்டில் பாட்டி ‘வாடா கண்ணா’, பிள்ளை ‘கம்’, வேலைக்கு வரும் அம்மா கன்னடத்தில் ‘பாரோ இல்லி’ என்று ஆளுக்கொரு விதமாக அழைக்காமல் ஒன்றை முடிவு செய்துகொள்வது நல்லது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே நேரத்தில் பயிற்சி தரவே வேண்டாம்.

நாட்டு நாய் பழகாது என்பாரும் உண்டு. இதே கர்நாடகத்தின் முதோல் நாயை மீரட்டில் ராணுவம் பழக்கியிருக்கிறது. முதோலும் நம் சிப்பிப்பாறையும் கண்ணால் கண்டதைத் துரத்தும் இனங்கள். ஓடத் தொடங்கிய பிறகு கூப்பிட்டுப் பயனில்லை; தலை நிமிர்ந்து காது முன்னே சாயும்போதே கூப்பிட வேண்டும். வேலியில்லாத இடத்தில் அவற்றை அவிழ்த்துவிடவே கூடாது.

அமெரிக்காவின் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2021-இல், பரிசு தந்து பழக்கும் முறையை மட்டுமே பரிந்துரைத்தது. மின்சாரம் பாய்ச்சும் கழுத்துப்பட்டையை வேல்ஸ் 2010-லேயே தடை செய்துவிட்டது. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, விலங்கை அடித்துத் துன்புறுத்துவது குற்றம். அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தத்தை, கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொண்டே எழுதி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

காதில் கோளாறு இருந்தாலும் குட்டி சொல் கேட்காமல் போகலாம் என்பதால், கேள்வி கேட்ட வாசகர் முதலில் அதன் காதுகளைப் பார்க்கட்டும். லாப்ரடாருக்கு மடிந்த காது. உள்ளே எளிதில் சீழ் பிடிக்கும். தலையை உதறுவது, காதைச் சொறிவது, கெட்ட வாடை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அது குணமான பிறகு பயிற்சியைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அல்சூர், பெங்களூரு