சும்மா பேசினேன் என்று சொல்லாதே

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, காலையில் பாரியூர் ரோட்டில் நடந்துவிட்டு வருகிறார்.

நீ வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அனுப்பும் குரல் பதிவுகளை இங்கே காலையில் அடுப்படியில் போட்டுக் கேட்கிறேன். முட்டை விலையில் ஆரம்பிக்கிறாய், பார்ட் ரயில் லேட் என்கிறாய், அங்கிருந்து மேயர், மேயரிலிருந்து பேஸ்பாலில் பந்து வீசும் யாரோ ஒரு பிட்சர். கடைசியில் "சும்மா பேசினேம்மா, விடு" என்று முடிக்கிறாய். அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

2024-ல் நாங்கள் ஓக்லண்ட் வந்திருந்தபோது பேஸ்பால் பார்க்கக் கொலீசியம் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, அந்த ஆட்டத்தின் ஸ்கோர் கார்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீ பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்துக்கும் குறித்துக்கொண்டிருந்தாய். ஆளுக்கு ஒரு எண்: பிட்சர் 1, மட்டைக்காரருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் 2, ஓடித் தொட வேண்டிய முதல் பேஸில் நிற்பவர் 3, இரண்டாம் பேஸ்காரர் 4, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் போய், இரண்டாம் பேஸுக்கு வந்து, முதல் பேஸுக்குப் போனால் 6-4-3, இரண்டு பேர் அவுட். மட்டையை வீசித் தவறவிட்டு அவுட் ஆனால் நேராக ஒரு K எழுத்து (கே), வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் திருப்பிப் போட்ட கே. ஆயுசு முழுக்க ஒன்றிய அலுவலகத்தில் பதிவேடு எழுதியவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றைக்கு ஆட்டம் பாதிதான் புரிந்தது, அந்தத் தாள் முழுசாகப் புரிந்தது.

ஸ்கோர் போர்டில் ரன், ஹிட் இரண்டுக்கும் பக்கத்திலேயே தவறு என்று ஒரு கட்டம் இருந்தது. பிடிக்க வேண்டிய பந்தை விட்டால் எண்ணிப் போட்டுவிடுகிறார்கள். அது தவறா இல்லையா என்று முடிவு செய்யவே தனியாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நீ சொன்னாய். கிரிக்கெட்டில் எத்தனை கேட்ச் விட்டாலும் போர்டில் ஏறாது. எனக்கு அந்தக் கட்டம் ரொம்பப் பிடித்தது.

அப்புறம் பச்சை உடுப்பில் வலது பக்கம் மேளம் அடித்துக்கொண்டிருந்த அந்தக் கூட்டம். மைதானத்தின் பெரும்பகுதி காலி, அவர்கள் மட்டும் விடாமல் அடித்தார்கள். நடு எல்லைக்குப் பின்னால் நின்ற உயரமான பார்வையாளர் அடுக்கைக் காட்டி, "இது வந்த பிறகுதான் மலை தெரியாமல் போச்சும்மா" என்றாய். ரைடர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியைத் திரும்ப அழைத்துவர 1990-களில் ஊர்ப் பணத்தில் கட்டியது. 2020-ல் அந்த அணி லாஸ் வேகாஸ் போய்விட்டது. போன பிறகும் ஓக்லண்ட் நகரமும் அலமேடா கவுண்டியும் கடனைக் கட்டிக்கொண்டிருந்தன. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான். இது பேஸ்பாலா, அரசியலா? உன்னால் பிரிக்க முடிந்தால் சொல்.

அந்த மைதானத்தில் ஆடிய ஏஸ் பேஸ்பால் அணி கதையும் அதுதான், அதையும் லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். 2023 ஜூன் 13-ஆம் தேதி 27,759 பேர் மைதானத்துக்கு வந்தார்கள், நீயும் போயிருந்தாய். அணியை விற்றுவிட்டுப் போ என்று உரிமையாளருக்குச் சொல்ல எல்லோரும் பச்சைச் சட்டை போட்டு வந்தீர்கள். அதே நாள் லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் செனட்டில், அங்கே கட்டும் புது மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரைக்கும் அரசுப் பணம் தரும் மசோதா நிறைவேறியது. இரண்டு நாளில் ஆளுநர் கையெழுத்துப் போட்டார். நவம்பரில் முப்பது அணி உரிமையாளர்களும் ஒருவர் விடாமல் இடமாற்றத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். 1968-லிருந்து அந்த ஊரில் ஆடிய அணி 2024 செப்டம்பர் 26-ஆம் தேதி கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டுக் கிளம்பியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, அந்த அணியின் பழைய நட்சத்திரம் ரிக்கி ஹெண்டர்சனும் காலமாகிவிட்டார். 1,406 பேஸ் திருடியவர் (பிட்சர் பந்து போடும் நேரத்தில் ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள்), அந்த ஊரில் வளர்ந்த பிள்ளை, அந்த மைதானத்துத் தரைக்கே அவர் பெயர்தான். அன்றைக்கு உன் குரல் உடைந்துபோயிருந்தது. பார்த்தே இராத ஒரு மனிதருக்காக நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு உன் பேச்சில் ஒரு சலிப்பு வந்துவிட்டது. "எனக்கு ஓட்டுக்கூட இல்லை, நான் பேசி என்ன ஆகப் போகுது" என்கிறாய். ஹெச்-1பி வேலை விசாவில் ஓட்டு இல்லைதான். ஆனால் வரி கட்டுகிறாய், வாடகை கட்டுகிறாய், அந்த ரயிலில்தான் போகிறாய். நம்ம ஊர் கிராம சபையில் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருப்பவர்கள்தான் உறுப்பினர். அங்கே அப்படி இல்லை, கலிஃபோர்னியாவில் 1953-லேயே பிரவுன் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. நகர மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், பேரைச் சொல்லக்கூடக் கட்டாயம் இல்லை. கட்சிக்கோ வேட்பாளருக்கோ பணம் மட்டும் கொடுத்துவிடாதே, உன் விசாவில் அதற்கு இடமில்லை. அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு "அவனை எதுக்குக் கிளப்பி விடுறே" என்கிறார். அவர் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் பத்து, இருபது வருஷம் இருக்கப் போகிற ஊரில் வாயைத் திறக்காமல் இருக்கச் சொல்லி உன்னை நான் வளர்க்கவில்லை.

கூட்டத்தைக் கவனிக்க அனுப்பும் பற்றாளராக நான் கிராம சபைகளுக்குப் போன காலத்தில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். தண்ணீர் வராத நாளையெல்லாம் தினசரிக் காலண்டர் தாளில் பேனாவால் வட்டம் போட்டு, அந்தத் தாள்களை நூலில் கோத்துக் கொண்டுவந்திருந்தார். மற்றவர்கள் சத்தம் போட்டார்கள். அவர் தாள்களை மேசையில் வைத்துவிட்டு நின்றார். அந்தத் தேதிகளை அப்படியே தீர்மானத்தில் எழுதச் சொன்னேன். உனக்கும் அந்தக் கை இருக்கிறது. ரயில் எத்தனை நிமிடம் தாமதம், எந்த நிறுத்தம் என்று எனக்கு ஒப்பிப்பதை ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக்கொண்டு போ.

எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு நெவாடாவையே பார். அந்த மைதானப் பணத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று ஆசிரியர்கள் பக்கத்திலிருந்து மனு எழுதினார்கள். மனுவில் சட்டத்தின் முழு வாசகம் இல்லை என்று 2024 மே மாதம் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நியாயம் அவர்கள் பக்கம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் மனு மனுவாக இல்லையே!

பேஸ்பாலையும் விட்டுவிடாதே. ரைமண்டி பார்க்கில் ஆடுகிற ஓக்லண்ட் பாலர்ஸ் அணியைப் பற்றி முன்னே சொன்னாயே, ரசிகர்களே பங்கு வாங்கிய அணி, 2025-ல் பயனியர் லீகில் கோப்பையும் ஜெயித்தது. சின்ன லீக் என்று நீ அதைத் தட்டிக்கழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊரைவிட்டுப் போகமாட்டோம் என்று வந்தவர்களுக்குக் கூட்டம் வேண்டாமா? மே மாதம் ஆட்டம் தொடங்கியதும் போ. பென்சில் எடுத்துக்கொண்டு போ.

கடைசியாக வாடகை விஷயம். வீட்டுக்காரர் ஏற்றிக் கேட்கிறார் என்றாய், என்ன செய்வது என்று பேசாமல் சிரித்துவிட்டாய். ஓக்லண்டில் 1983-க்கு முன் கட்டிய அடுக்குமாடிகளுக்குப் பொதுவாக வருஷத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. பழைய வருஷங்களில் ஏற்றாமல் விட்டதைச் சேர்த்துக் கேட்கவும் வழி இருக்கிறது, அதனால் நகராட்சியின் வாடகைப் பிரிவில் கேட்காமல் எதற்கும் ஒப்புக்கொள்ளாதே. உன் கட்டடம் எந்த வருஷம் கட்டியது, போன வருஷ வாடகை எவ்வளவு, நோட்டீஸ் என்றைக்கு வந்தது, மூன்றையும் எனக்கு அனுப்பு. மனுவை நான் தமிழில் எழுதித் தருகிறேன், நீ இங்கிலீஷில் போட்டுக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா