கவுண்டருக்கு இந்தப் பக்கமும் ஆள் நிற்கிறோம்

அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார்டு கடை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது பையனைக் கூட்டிக்கொண்டு விளையாட்டு வீரர்கள் படம் போட்ட கார்டுகளை விற்கிற ஏதாவது ஒரு கடைக்குப் போய்விடுவேன். பெரிய கை இல்லை. முப்பது டாலருக்கு வாங்கிவிட்டு இரண்டு மணி நேரம் நிற்கிற ரகம்.

போன மாதம் ஒரு கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். உள்ளே கடைக்காரர் ரிங் லைட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, செல்போன் கேமராவைப் பார்த்துப் பேசியபடி சீல் வைத்த கார்டு பெட்டி உடைத்துக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு டீம் என்று முன்பே காசு கட்டியவர்களுக்காக நடக்கிற நேரலை 'பிரேக்': பெட்டியில் வரும் கார்டு, அந்தந்த டீமுக்குக் காசு கட்டியவருக்குப் போகும். பையன் கண்ணாடிக்குள் இருந்த ஒரு கார்டைக் காட்டி விலை கேட்டான். அவர் உதட்டில் விரலை வைத்தார். அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டோம்.

உங்கள் கஷ்டம் புரியாமல் இல்லை. 1995இல் ஈபே வந்ததிலிருந்தே பக்கத்து ஊர்க் கடையோடு மட்டும் உங்களுக்குப் போட்டி இல்லை என்று ஆகிவிட்டது. 2021இல் அடித்த கார்டு காய்ச்சலில் டார்கெட் கடைகள் பாதுகாப்புக்குப் பயந்து கார்டு விற்பதையே நிறுத்தி வைத்தன. கார்டுகளுக்குத் தரம் போடும் பிஎஸ்ஏ, குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பெரும்பாலான சேவைகளுக்குப் பூட்டுப் போட்டது. ஆள் வராத செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிரேக்தான் வாடகை கட்டுகிறது என்றால், சரி, தாராளமாகச் செய்யுங்கள். சனிக்கிழமை காலையில் வேண்டாமே!

ஏன் சொல்கிறேன் என்றால், இன்னொரு கடைப் பெரியவர் ஒருநாள் ஃப்ளீயர் கம்பெனி 1986இல் போட்ட கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் கார்டு இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று அசல், ஒன்று போலி. நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிச் சின்ன லென்ஸைப் பையன் கையில் கொடுத்து, "எழுத்தைப் பார்" என்றார். ஒன்றில் கறுப்பு எழுத்து மை ஊற்றியதுபோல ஒரே சீராக இருந்தது. மற்றதில் எழுத்தின் ஓரமெல்லாம் புள்ளி புள்ளி. "ஸ்கேன் பண்ணி அடித்தது" என்றான் பையன். வெப்சைட்டில் போடுகிற போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் இது அவ்வளவு சுலபமாகப் பிடிபடாது.

அன்றைக்கே, டாப்ஸ் கம்பெனி 1952இல் போட்ட பேஸ்பால் கார்டுகளின் கதையையும் சொன்னார். விற்காமல் கிடந்த அந்த வருஷத்துக் கார்டுகளை 1960இல் படகில் ஏற்றிப் போய்க் கடலில் கொட்டியதாக, டாப்ஸில் வேலை பார்த்த சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில் வந்த பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. "அந்தப் பெட்டியெல்லாம் இன்னும் அடியில் இருக்குமா அப்பா?" என்று வண்டியில் வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தான்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. உங்கள் கடையில் கார்டைக் கையில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்து, மூலை நாலையும் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு டாலர் குறைவாக ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இருக்கிறோம். நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன். அடுத்த தடவை அந்தக் கடைக்காரரின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

கேட்பது கொஞ்சம்தான். லைவ் நடக்கும் நேரத்தைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். விலை சொல்லும்போது ஈபேயில் எவனோ ஆசைப்பட்டுப் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். அப்புறம் எந்தக் கார்டை எடுத்தாலும் ஒரு டாலர் என்று வைத்திருப்பீர்களே, அந்த டாலர் பெட்டி. இடத்தை அடைக்கிறது என்று அதை எடுத்துவிடாதீர்கள். பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்களைச் சேர்த்து வளர்ந்தவன் நான். ஒரு டாலர் கார்டைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆவதில் என்ன சுகம் என்று எனக்குத் தெரியும்.

வருகிற சனிக்கிழமை பதினோரு மணிக்கு, அந்த ரிங் லைட் கடைக்கே மறுபடி போகிறோம். மாற்றிக்கொள்ளப் பையனிடம், ஏற்கெனவே ஒன்று இருப்பதால் மிச்சமான இரண்டு கார்டு இருக்கிறது. ஒன்றில் மூலை மடங்கியிருக்கிறது. அதை அவனே முதலில் சொல்லிவிடுவான்.

இப்படிக்கு,
டாலர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு அப்பா