ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்

அன்புள்ள லாக் டேபிளுக்கு,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதாதவன், கணக்கில் சந்தேகம் வந்ததும் கடிதத்தோடு வந்து நிற்கிறான் என்று நீ முணுமுணுப்பது இங்கேயே கேட்கிறது. முணுமுணுத்துக்கொள். பள்ளியிலும் அப்படித்தானே பழகினோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? நாம் பட்டப்பெயர் வைத்த முக்கோணத்தை எங்காவது பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்லாதே.

விஷயம் இதுதான்: எனக்கு எம்பிஏ இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு தொடங்க இன்னும் எட்டு வாரம். நாற்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட் தேறியவனுக்கு இது எதற்கு என்று கேட்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தத் தேர்வில் கணக்குப் பகுதி 45 நிமிடம், 21 கேள்வி. கால்குலேட்டர் கிடையாது. சதவீதம், விகிதம், கொஞ்சம் இயற்கணிதம், அவ்வளவுதான். வடிவியலைக்கூட இப்போது எடுத்துவிட்டார்கள் (இதை வேண்டுமானால் முக்கோணத்திடம் சொல், வருத்தப்படட்டும்). வேகமும் கொஞ்சம் குறுக்குவழியும் இருந்தால் தேறிவிடலாம். குறுக்குவழியில் எனக்கிருக்கும் பயிற்சி உனக்குத் தெரியாததா? ஆனால் சேருவதற்கு முன் படித்துவிட்டு வரச்சொல்லிக் கல்லூரி அனுப்பிய பட்டியல் வேறு ரகம். மடக்கை, வகையீடு, நிகழ்தகவு, ரிக்ரெஷன். பார்த்ததும் பரீட்சைக்கு முந்தைய நாள் இரவு வரும் அந்த வயிற்றுவலி வந்துவிட்டது.

அதையும் தள்ளிப்போட்டிருப்பேன். ஆபீஸ் கூட்டத்தில் மானம் போனதால்தான் உட்கார்ந்தேன். "போன வருடம் விற்பனை 20 சதவீதம் விழுந்தது, இந்த வருடம் 20 சதவீதம் ஏறியிருக்கிறது, ஆகப் பழைய இடத்துக்கே வந்துவிட்டோம்" என்று எல்லோர் முன்னாலும் கம்பீரமாகச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "100 முதலில் 80 ஆகும், அப்புறம் 96 தானே வரும்?" என்று மெதுவாகக் கேட்டாள். காணாமல் போன அந்த 4 அன்று ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள்தான் மடக்கையை, அதாவது உன் லாக்கை, திறந்தேன். சதவீதங்களைக் கூட்டக்கூடாது, பெருக்கத்தான் வேண்டும். ஆனால் மடக்கை எடுத்துவிட்டால் தாராளமாகக் கூட்டலாம் என்பது இத்தனை வருடம் கழித்து உறைத்தது. இயல் மடக்கையில் 0.8-க்கு −0.223, 1.2-க்கு +0.182. கூட்டினால் −0.041. மைனஸ் வந்துவிட்டது, பார்த்தாயா, அந்த 4 அங்கேதான் ஒளிந்திருந்தது! உன்னைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டோமே தவிர, அந்தப் புத்தகம் எதற்கு என்று நாம் யாராவது கேட்டோமா? 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் எத்தனை வருடத்தில் இரட்டிக்கும் என்று தெரியும் என்பார்களே, அதுவும் மடக்கையிலிருந்து வந்ததுதான். மடக்கை தரும் எண் 69-க்குப் பக்கத்தில் இருக்கிறது. 72 பல எண்களால் மீதியில்லாமல் வகுபடும் என்பதால் அதை வைத்துக்கொண்டார்கள். சோம்பேறிகள் கண்டுபிடித்த கணக்கு, எனக்குப் பிடித்துவிட்டது.

வகையீடு, அதாவது கால்குலஸ், பயந்த அளவுக்கு இல்லை. இன்னும் ஒரு பொருள் கூடுதலாகச் செய்தால் செலவு எவ்வளவு கூடும், வரவு எவ்வளவு கூடும், இரண்டும் எங்கே சமமாகிறது, அங்கே நிறுத்து. என் போன்றவனுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். வீடியோ பார்ப்பதைத்தான் நிறுத்திவிட்டேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, மூடிவிட்டுத் தாளை எடுத்தால் முதல் வரியே வருவதில்லை.

நிகழ்தகவுதான் ஆளை அசைத்தது. ஆயிரம் பரிவர்த்தனைகளில் 10 மோசடி என்று வை. ஒரு மென்பொருள் அந்தப் பத்தில் 9-ஐப் பிடித்துவிடும். நல்லவற்றில் நூற்றுக்கு 5-ஐத் தவறாகக் கைகாட்டும். பிரமாதமான மென்பொருள் என்றுதானே சொல்வாய்? ஆனால் நல்லவை 990 இருக்கின்றனவே, அதில் ஏறக்குறைய 50 மாட்டிக்கொள்கின்றன. ஆக அது கைகாட்டும் 59-ல் உண்மையான திருடன் 9 மட்டும். இப்படி எத்தனை அறிக்கைகளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேனோ.

இனி சொல்லப்போவதற்குத்தான் இந்தக் கடிதமே.

நிகழ்கால மதிப்பு (பின்னால் வரப்போகும் பணம் இன்றைக்கு எவ்வளவு பெறும் என்ற கணக்கு) படித்த அன்றைக்கு, உதாரணத்துக்கு வேறு கணக்கு எதற்கு, என் படிப்பையே போட்டுப் பார்ப்போம் என்று எக்செலைத் திறந்தேன். கட்டணமும், நான் விடப்போகும் சம்பளமும் சேர்ந்து வருடத்துக்கு 100 என்று வைத்துக்கொண்டேன். இன்றைக்கு ஒரு 100, அடுத்த வருடம் ஒரு 100. படித்து முடித்ததும் இப்போதைய சம்பளத்தைவிட வருடம் 30 கூடுதலாக, 12 வருடம். சும்மா கூட்டினால் 200 போட்டு 360 எடுக்கிறேன். பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம், டிஸ்கவுண்ட் ரேட், 5 சதவீதம் போட்டேன், சேமிப்பில் கிடைப்பது அவ்வளவுதானே என்று. 58 லாபம்! இரண்டு நாள் விசிலடித்துக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு கேள்வி வந்தது. கடனே 9 சதவீதத்துக்கு வாங்கப்போகிறேன், 5 எங்கிருந்து வந்தது? 9 போட்டேன். லாபம் 5. சரி, பிழைத்தோம். ஆனால் கடன் தவணை மாதம் தவறாமல் வந்து நிற்கும். அந்த 30 வருமா என்பது யாருக்குத் தெரியும்? உறுதியில்லாத பணத்துக்குக் கூடுதல் விகிதம் போடவேண்டும் என்று நான் அடிக்கோடிட்ட பாடமே சொல்கிறது. 10 போட்டேன். நஷ்டம் 5. 12 போட்டால் நஷ்டம் 23.

என்ன செய்தேன் தெரியுமா? 9-ஐயே வைத்துவிட்டு ஃபைலைச் சேமித்து மூடினேன். கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு வழிமுறையை அதற்கேற்ப வளைத்து எழுதுவேனே, அதே வேலை. அப்போது போனது இரண்டு மதிப்பெண். இப்போது போகப்போவது இரண்டு வருடச் சம்பளம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தே ஏதோ கண்டுபிடித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

முன்பணம் கட்ட 28-ஆம் தேதி கடைசி. கணக்குத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், ரேட் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு. அந்த 30 நியாயமா என்றும் பார். நீ என்ன விகிதம் போடுவாய், ஏன் என்று எழுது. விடையைப் பார்க்காமல் முதலில் விகிதத்தைத் தீர்மானித்துவிடு.

அடச்சே, எல்லா விடையையும் மேலே நானே எழுதித் தொலைத்துவிட்டேனே.

உன்,
கடைசிப் பக்கம்