உங்கள் நான்காம் பருவமும் எங்கள் கச்சான் பருவமும்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் புவியியல் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்துக்காரி. அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்கிறவர். முதுகலைப் புவியியல் முடித்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது பள்ளியில் பாடம் நடத்துகிறேன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். முதுகலை ஆய்வேட்டு வேலையைக் கடைசியான நான்காம் பருவத்தில் திணிக்காமல், முதலாண்டு முடியும் ஏப்ரலிலேயே தொடங்கிவையுங்கள். மதிப்பெண்ணை எந்தப் பருவத்தில் சேர்த்தாலும் எனக்கு வழக்கில்லை. ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று விளக்க வேண்டுமானால் என் ஆய்வேட்டின் குட்டை நானே உடைக்க வேண்டும்.

தனுஷ்கோடிக் கடற்கரை அரிப்பு பற்றிய ஆய்வு அது. டிசம்பரில் தலைப்பு, பிப்ரவரியில் களம், மார்ச்சில் வரைவு, ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு. களத்துக்கு மூன்று நாள் கிடைத்தது. தனுஷ்கோடி முனை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவே மெலிந்த மணல் நாக்கு. எங்கள் ஊரில் வடகடல், தென்கடல் என்போம். பெண்கடல், ஆண்கடல் என்று சொல்கிறவர்களும் உண்டு. பிப்ரவரியில் வடகரையில் முழங்கால் உயரத்துக்கு மணல் செங்குத்தாக வெட்டுண்டு நின்றது. தென்கரை அகலமாக, மெத்தென்று கிடந்தது. வடகரை அரிக்கப்படுகிறது, தென்கரை வளர்கிறது என்று முடிவுரை எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் வந்தது.

பட்டம் வாங்கி வீட்டிலிருந்த ஜூலையில், சும்மா ஒரு நாள் தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனைக்குப் போனேன். கச்சான் என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று முகத்தில் மணலை அறைந்துகொண்டிருந்தது. நான் வளர்கிறது என்று எழுதிய தென்கரை வெட்டுண்டு நின்றது. அரிக்கப்படுகிறது என்று எழுதிய வடகரை ஆறிய புண் போல மூடிக் கிடந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். வடகிழக்கு வாடைக் காற்றில் வடகடலும் கச்சானில் தென்கடலும் கரையைத் தின்னும், இது தெரியாமலா படித்தாய் என்று கேட்டார். தெரியும். பிறந்ததிலிருந்தே தெரியும். ஆனால் ஆய்வு என்று உட்கார்ந்ததும், வீட்டில் தெரிந்தது வேறு, தாளில் எழுத வேண்டியது வேறு என்று எனக்குள் ஏதோ ஒன்று பிரித்துவிட்டது. அது யார் குற்றம் என்று இன்னும் எனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருக்கிறேன்.

மே முதல் செப்டம்பர் வரை கச்சான். ஐப்பசி பிறந்து தை வரை வாடை. நான்காம் பருவத்தில் வருகிற மாணவர் வாடையின் வாலை மட்டுமே பார்க்கிறார். பாதி ஆண்டைப் பார்த்துவிட்டு முழு ஆண்டுக்குத் தீர்ப்பு எழுதச் சொல்கிறது நம் கால அட்டவணை. இந்தக் கரையில் எத்தனை புத்திசாலியாக இருந்தாலும் அதிலிருந்து தப்ப முடியாது.

காலம் மட்டுமே குறை என்றும் சொல்லமாட்டேன். என்னிடம் இருந்தது தலைப்பு, கேள்வி இல்லை. "கடற்கரை அரிப்பு" என்பதை வைத்துக்கொண்டு எதை அளப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்ய முடியாது. வாடை பறித்த மணலில் எவ்வளவு அடுத்த வாடைக்குள் வடகரைக்குத் திரும்புகிறது? இது கேள்வி. இதைக் கேட்ட மாத்திரத்தில் எத்தனை முறை வர வேண்டும், எந்த மாதங்களில், எந்த இடங்களில் என்பதெல்லாம் தானாகவே வரிசையில் வந்து நிற்கும். என்ன கிடைத்தால் என் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வேன் என்பதும் முன்கூட்டியே தெரியும். நானோ கருதுகோளை முடிவுரைக்குப் பிறகு எழுதினேன். சிரிக்காதீர்கள், என் வகுப்பில் பெரும்பாலோர் அப்படித்தான் எழுதினோம்.

ஒரே கருதுகோளைக் கட்டிக்கொண்டு அழுவதும் ஆபத்து. சேம்பர்லின் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1890இலேயே எச்சரித்தது இதைத்தான்: ஒரே விளக்கத்தை வைத்திருப்பவர் அதைப் பெற்ற பிள்ளை போலக் கொஞ்சத் தொடங்கிவிடுவார், பல விளக்கங்களை ஒருசேர வைத்துச் சோதியுங்கள் என்றார். இங்கே பாருங்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை 2017இல் திறக்கப்பட்டது. ஓரங்களில் கல் அடுக்கியிருக்கிறார்கள். சாலையோரம் கரை குறைந்தால் காரணம் கல்லா, பருவக் காற்றா, ஏதோ ஒரு புயலா, கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணலே குறைந்துவிட்டதா? கல் உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒரே நாளில், ஒரே முறையில் அளந்தால்தான் முதல் சந்தேகத்தையாவது தொட முடியும். நான் கல்லைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

எந்த இடங்களில் அளந்தேன் தெரியுமா? பஸ் நின்ற இடங்களில். ஆய்வேட்டில் "நோக்கமுறை மாதிரி", அதாவது காரணத்தோடு தேர்ந்தெடுத்த இடங்கள், என்று கௌரவமாகப் பெயர் வைத்தேன். பஸ் நிற்கிற இடத்தில் கூட்டம், கடை, மிதிபட்ட மணல். அது கரையின் மாதிரி அல்ல, நிறுத்தத்தின் மாதிரி. முதல் புள்ளியைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து 500 மீட்டருக்கு ஒன்றாக, கரைமேட்டிலிருந்து நீர்விளிம்பு வரை அளக்கும் கோடு என்று போயிருக்கலாம். சாலை நீளத்துக்கும் போட்டால் ஒரு கரைக்குப் பத்தொன்பது கோடுகள் வரும். இரண்டு பேரால் நடக்கிற காரியமா? நடக்காது என்பது ஒரு நாள் முன்னோட்டமாக அளந்து பார்த்தால் தெரிந்திருக்கும். அப்போது இடைவெளியைக் கூட்டலாம், கேள்வியைச் சுருக்கலாம். முன்னோட்டத்துக்கு எங்களுக்கு நாளே கிடையாது.

கருவி இல்லை என்ற சாக்கு மட்டும் செல்லாது. எமரி என்ற கடல் நிலவியலாளர் 1961இல் வெளியிட்ட முறைக்கு இரண்டு மரக்கோலும் ஒரு கயிறும் போதும். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரக் கோல்கள். அதே நீளக் கயிறு. கரைமேட்டில் ஒருவர், கடல்பக்கம் ஒருவர். கடல்பக்கக் கோலின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி, நிலப்பக்கக் கோலுக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோடு நிலப்பக்கக் கோலில் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே விழுகிறதோ, அவ்வளவு சரிவு. குறித்துக்கொண்டு அடுத்த அடிக்கு நகரலாம். தொடுவானம் தெரியாத மூட்டக் காலையில் பேசாமல் டீ குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

ஆனால் ஒரே கோட்டை ஒரே காலையில் இரண்டு முறை அளந்து பாருங்கள். பின்னொரு நாள் தம்பியோடு அளந்தபோது எங்களுக்கு ஓரிடத்தில் நான்கு விரற்கடை வித்தியாசம் வந்தது. அதாவது அதற்குக் குறைவாக எந்த மாற்றத்தைக் கண்டாலும் அதை மாற்றம் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. என் ஆய்வேட்டில் இரண்டு விரற்கடைக்கெல்லாம் ஒரு பத்தி விளக்கம் எழுதியிருக்கிறேன்!

நிலைக்குறி கதை இன்னும் மோசம். தொடக்கப் புள்ளிக்கு அடையாளமாக ஒரு முளை அடித்திருந்தேன். ஜூலையில் போனபோது அதில் ஆடு கட்டியிருந்தது, வேறோர் இடத்தில். இடிந்த தேவாலயச் சுவர் 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலையே தாங்கி நிற்கிறது. அதிலிருந்து நாடா பிடித்து அளந்து குறித்திருந்தால் முளை போனாலும் புள்ளி போயிருக்காது.

செயற்கைக்கோள் படம் போதுமே என்பார்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளியே தரையில் 30 மீட்டர். அதைவிடக் கூர்மையான படம் கிடைத்தாலும் ஓதம் ஏமாற்றிவிடும். ஓதம் எங்கள் கடலில் ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் ஏறி வற்றும். ஆனாலும் இருபதுக்கு ஒன்று என்று சரிந்த கரையில் அரை மீட்டர் ஏறினாலே நீர்விளிம்பு 10 மீட்டர் உள்ளே வந்துவிடும். ஒரு படம் ஏற்றத்தில், மற்றொன்று வற்றத்தில் எடுத்ததென்றால் பத்து மீட்டர் அரிப்பு என்று சத்தியம் செய்யலாம். கரை அசைந்தே இருக்காது. பாசி எடுக்கப் போகிற எங்கள் பெண்களுக்கு எந்த நாளில் எந்நேரம் நீர் வற்றும் என்று மனப்பாடம். என் அளவீட்டுத் தாளில் நேரம் குறிக்கவே ஒரு கட்டம் இல்லை.

அவர்கள் சொல்வதையும் அப்பா சொல்வதையும் அப்படியே சான்றாக எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவை கருதுகோள்கள், அதுவும் நல்ல கருதுகோள்கள். களத்துக்கு வருமுன் இரண்டு நாள் படகுத்துறையில் உட்கார்ந்து கேட்டால், மூன்று மாத வீண்வேலை மிச்சம். பிறகு கோலைப் பிடித்துச் சோதியுங்கள். அப்பாவும் சில இடங்களில் தவறக்கூடும். அவரிடம் சொல்லும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் தொடங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் 21 தீவுகள். அங்கே கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். டிசம்பரில் தலைப்பு எடுத்த மாணவர் அனுமதிக்கு எழுதி, பதில் வந்து, படகு பேசுவதற்குள் வாய்மொழித் தேர்வே முடிந்துவிடும். ஏப்ரலில் எழுதினால் கச்சானில் ஒருமுறை, இடையில் ஒருமுறை, வாடையில் ஒருமுறை என்று மூன்று தடவை அளக்கலாம். ஒவ்வொன்றும் நான்கைந்து நாள் போதும். வகுப்பு கெடாது. நான் கேட்பது கூடுதல் பருவம்கூட இல்லை. ஆய்வேட்டு வேலையை ஆண்டு முழுக்கப் பிரித்துப் போடுவதுதான்.

வரும் பாடத்திட்டக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். வேண்டுமென்றால் என் ஆய்வேட்டையே பிழைத்திருத்தப் பயிற்சிக்குக் கொடுக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே மாணவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு வேலை இருக்கிறது. கச்சானில் தங்கச்சிமடம் பக்கம் வருகிறவர்களுக்கு என் இரண்டு கோல்களும் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. கயிறு மட்டும் புதிதாக வாங்கி வர வேண்டும். பழையதை அப்பா படகுக்கு எடுத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
முன்னாள் புவியியல் மாணவி,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்