ஒரே சத்துப் பெட்டி மனிதருக்கும் நாய்க்கும் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 24 ஆண்டுகளாக மருந்துக் கடை நடத்திவரும் மருந்தாளுநர் நான். ‘ஹோலிஸ்டிக்’ என்றும் ‘குடும்ப முழுநலம்’ என்றும் பெயர் சொல்லி, வீட்டிலுள்ளவர்களுக்கும் அவர்கள் வளர்க்கும் நாய், பூனைகளுக்கும் சேர்த்தே சத்து மாத்திரைகளையும் பொடிகளையும் விற்கும் வழக்கத்தைச் சில காலமாகக் கடலூரிலும் புதுச்சேரியிலும் பார்த்து வருகிறேன். அந்த வழக்கத்தால் எங்கள் குடும்பத்திலேயே ஒரு துன்பம் நேர்ந்துவிட்டது. இன்னொரு வீட்டில் அது நேரக்கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் அண்ணன் குடும்பம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறது. சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த விற்பனைக் கூட்டத்துக்கு அண்ணனும் அண்ணியும் போய்வந்தார்கள். திரும்பும்போது ஆறு டப்பாக்கள் அடங்கிய பெட்டி ஒன்று அவர்கள் கையில் இருந்தது. ஒரு மாதத்துக்கு 7,400 ரூபாய். அடுத்த வாரம் வீட்டுக்கே வந்த விற்பனையாளர், அண்ணன் வளர்க்கும் நாய் மணி படியேறும்போது பின்னங்காலை இழுப்பதைப் பார்த்துவிட்டு, அதற்கும் வைட்டமின் டி குறைவுதான் என்றும், அண்ணி சாப்பிடும் பாக்கெட்டையே பாலில் கலந்து கொடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். “அம்மாவுக்கு எதுவோ அதுதான் பிள்ளைக்கும், இதுவும் உங்கள் பிள்ளைதானே” என்று அவர் சொன்னது அண்ணிக்கு மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது. பிள்ளையில்லாத வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக வளரும் நாய் அது.

அண்ணி சாப்பிட்டுவந்த பாக்கெட்டை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். வாரத்துக்கு ஒன்று, குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் என்று சீட்டில் தெளிவாக இருந்தது. அதில் உள்ளது 60,000 யூனிட் வைட்டமின் டி. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்திருக்கிறது. அதாவது நூறு நாளைக்கு வேண்டியதை ஒரே பாக்கெட்டில் தருகிறார்கள், குறைபாடு உறுதியான நோயாளிக்கு. எடையில் சொன்னால் அது 1.5 மில்லிகிராம். நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் போனாலே நச்சுக்குறிகள் தொடங்கிவிடும். மணியின் எடை 7 கிலோ. ஆகவே 0.7 மில்லிகிராமே அதற்கு ஆபத்தான எல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பாலில் கரைத்து, அன்போடு, ஐந்து வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் கவனித்தது என் அம்மாதான். “தண்ணிக் கிண்ணத்த நாலு தரம் ரொப்பிட்டேன், இன்னும் குடிச்சுக்கிட்டே இருக்கு” என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார். ஒரு நாளும் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காத நாய் கூடத்திலேயே இரவில் நனைத்துவிட்டது. மறுநாள் சோற்றைத் தொடவில்லை, வாந்தி எடுத்தது. கால்நடை மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது கால்சியம் மிக உயர்ந்திருந்தது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. வைட்டமின் டி குடலிலிருந்து கால்சியத்தை இரத்தத்துக்கு ஏற்றுகிறது. அளவு மீறினால் அந்தக் கால்சியம் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் போய்ப் படிகிறது. வைட்டமின் சி, பி போன்றவை மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். ஏ, டி போன்றவை கொழுப்பில் கரைபவை என்பதால் உடம்பிலேயே தங்கிச் சேர்கின்றன. அதனால்தான் பாக்கெட்டை நிறுத்திய பிறகும் மணியின் கால்சியம் இறங்கப் பல வாரங்கள் ஆயின. எட்டு நாள் சொட்டு மருந்து ஏற்றிக் காப்பாற்றினார்கள். உயிர் பிழைத்தது, சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

சத்து மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்யாகும். அதே வீட்டில் என் அம்மா பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அந்த மருந்து நாளடைவில் பி12 சத்தைக் குறைக்கும் என்பது நன்கு அறியப்பட்டது. பாதத்தில் மதமதப்பு வந்து, செருப்பு நழுவுவதுகூடத் தெரியாமல் நடந்தவருக்கு இரத்தப் பரிசோதனை செய்து, பி12 குறைவு என்று கண்டு, மருத்துவர் ஊசியும் பிறகு மாத்திரையும் கொடுத்ததில் நல்ல குணம் தெரிந்தது. கருவுற்ற பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து, ஃபோலிக் அமில மாத்திரை எத்தனையோ தாய்மார்களைக் காத்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை இருந்த நாட்டில், அந்த மாத்திரையைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. குறை எது என்று கண்டறிந்து, அந்தக் குறைக்கு மட்டும், அளவு பார்த்துக் கொடுப்பது மருத்துவம். ஆள் யார், எடை என்ன, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எல்லோர் கையிலும் ஒரே பெட்டியைக் கொடுப்பது வெறும் வியாபாரம்.

அந்தக் கேள்வியைக் கேட்காததால் அண்ணிக்கும் பாதிப்பு வந்தது. அவர் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர். பெட்டியில் இருந்த கால்சியம் மாத்திரையையும் அதே நேரத்தில் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். கால்சியமும் இரும்பும் தைராய்டு மருந்தை உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தபோது, ஆண்டுக்கணக்கில் சீராக இருந்த அவருடைய தைராய்டு அளவு கெட்டிருந்தது. முடி வளர்வதற்கென்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரையும் இப்படித்தான்: அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு, மாரடைப்பு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை முடிவுகளையே அது பிறழச் செய்யும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. இதைச் சாப்பிடுபவர்களில் பரிசோதனைக் கூடத்தில் அதைச் சொல்பவர்கள் மிகச் சிலரே.

மனிதரையும் விலங்கையும் சேர்த்து நினைப்பது தவறில்லை. வைட்டமின் என்ற அறிவே கோழிகளிடமிருந்துதான் நமக்கு வந்தது. 1890-களில் ஜாவாத் தீவில் நரம்புகளையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்த எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், மருத்துவமனைச் சமையற்கூடத்தில் மீந்த தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், புதிதாக வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைக் கொடுக்க மறுத்ததால் தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடப்பதையும் கண்டார். தவிட்டோடு போய்விட்ட தயமின் என்ற வைட்டமின் பி1-தான் அந்தக் கோழிகளுக்குக் கிடைக்காமற்போன சத்து. 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவித்துக் குத்தும்போது அந்தச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது என்பதால், நம் பக்கத்துப் புழுங்கலரிசி நம் முன்னோரை அந்த நோயிலிருந்து பெருமளவு காத்தது. கோழிக்கு ஆனது மனிதனுக்கும் ஆயிற்று என்பது உண்மைதான். ஆனால் எல்லாச் சத்துக்கும் அப்படி இல்லை. நாயின் உடம்பு வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும், நம்முடையது தயாரிக்காது. கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினை நாம் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்வோம். பூனையால் அது முடியாது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும் என்பதால், தயிர்ச்சோற்றிலேயே வளரும் பூனைக்கு மனிதருக்கான எந்தச் சத்துப் பொடியும் ஈடு செய்யாது.

என் கடைக்கே வந்து மனிதருக்கான கால்சியம் சிரப்பை வாங்குபவர்கள் உண்டு. “லேப்ரடார் குட்டி மேடம், எலும்பு திடமா வரணும்” என்பார்கள். பெரிய இன நாய்க்குட்டிகளுக்குத் தேவைக்கு மேல் போகும் கால்சியத்தைக் குடல் தடுத்து நிறுத்தத் தெரியாது. வந்ததையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் விளைவாக வளரும் எலும்பும் மூட்டும் கோணலாகும். சரிவிகிதமான குட்டித் தீவனம் தின்னும் குட்டிக்கு மேலே ஒரு கரண்டி சிரப் ஊற்றுவது காலைக் கெடுக்கும் காரியம். வெறும் இறைச்சியும் சோறும் மட்டுமே தின்னும் குட்டிக்குக் கால்சியம் குறைவது உண்மை. அதற்கு எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் சிரப்பைக் கொடுக்க மறுத்தால் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

இதைவிட அவசரமானது சைலிட்டால். சர்க்கரை சேர்க்காதது என்று விற்கப்படும் சில மெல்லும் வைட்டமின் மாத்திரைகளிலும் சூயிங்கத்திலும் இனிப்புக்காக இது சேர்க்கப்படுகிறது. நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராம் போனாலே, கணையம் இன்சுலினைக் கொட்டி, இரத்தச் சர்க்கரை மளமளவென்று சரிந்து, நாய் தள்ளாடி விழும். அளவு கூடினால் கல்லீரலே செயலிழக்கும். குழந்தைக்கு வாங்கிய மாத்திரை டப்பாவை நாய்க்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். பூண்டுப் பொடி கலந்த ‘எதிர்ப்புச் சக்தி’ மூலிகைத் தூள்களும் நாய்க்கும் பூனைக்கும் ஆகா. வெங்காயமும் பூண்டும் அவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டப்படி, மனிதருக்கான சத்து மாத்திரையின் மேல் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று’ என்று அச்சிட வேண்டும். நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லக் கூடாது. பொய்யாக விளம்பரம் செய்தால் 53-ஆவது பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அதே சட்டம் ‘உணவு’ என்பதன் வரையறையிலிருந்து விலங்குத் தீவனத்தை விலக்கிவிட்டது. ஆகவே ஒரே பெட்டியில், ஒரே நிறத் தாளில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு டப்பாக்களில், மனிதருக்கானதன் மேல் இத்தனை கட்டுப்பாடு, நாய்க்கானதன் மேல் இவற்றில் ஒன்றும் இல்லை. அண்ணன் வாங்கிய பெட்டியில் நாய்க்கான டப்பாவை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ‘தினம் ஒரு கரண்டி’ என்று மட்டும் இருந்தது. எத்தனை கிலோ நாய்க்கு, எந்தக் கரண்டி, என்னென்ன எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. ‘ஹோலிஸ்டிக்’ என்ற சொல் மட்டும் நான்கு இடங்களில் இருந்தது.

இந்த மாவட்டத்தில் கறவை மாடு வைத்திருக்கும் விவசாயி இதைவிட நல்ல நிலையில் இருக்கிறார். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தயாரிக்கும் தாது உப்புக் கலவையை வாங்கினால், கறவை மாட்டுக்கு எத்தனை கிராம், கன்றுக்கு எத்தனை கிராம் என்று அவருக்குத் தமிழிலேயே சொல்கிறார்கள். அதே முறை வீட்டு நாய்க்கும் பூனைக்கும் வர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. எந்த விலங்குக்கு, எந்த எடைக்கு, எவ்வளவு என்பது தமிழில் அச்சாகாத எந்தச் சத்துப் பொருளும் செல்லப் பிராணிகளுக்கென்று விற்கப்படாதபடி ஒன்றிய அரசு விதி வகுக்க வேண்டும். அதுவரை காத்திராமல் செய்யக்கூடியதும் உண்டு. 2021-இன் நேரடி விற்பனை விதிகளின்படி, அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் வீட்டுக்குள் வரக் கூடாது. அந்த விற்பனையைக் கண்காணிக்கும் ஏற்பாட்டை மாநில அரசு செய்ய வேண்டும். கூட்டம் புதுச்சேரியில் நடக்கிறது. வாங்குபவர்களில் பாதிப்பேர் முள்ளோடை எல்லையைத் தாண்டிக் கடலூருக்குத் திரும்புகிறார்கள். எங்கே புகார் கொடுத்தாலும் இது எங்கள் எல்லை இல்லை என்ற பதில் வரக் கூடாது. இரு அரசுகளின் உணவுப் பாதுகாப்புத் துறைகளும் கால்நடைத் துறைகளும் கலந்து பேசி, புகாருக்கு ஒரே இடத்தை அறிவிக்க வேண்டும். குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், நாய் பூனைகளுக்கு ஆகாத மனித மாத்திரைகளின் பட்டியல் ஒன்றைத் தமிழில் தயாரித்துக் கொடுத்தால் இரு ஊர் மருந்துக் கடைக்காரர்களுக்கும் பெரிய உதவியாக இருக்கும்.

மாதம் 7,400 ரூபாய் என்ற கணக்கையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெட்டியில் இருந்த மீன் எண்ணெய் மாத்திரை 1,000 மில்லிகிராம். அத்தகைய சாதாரண மாத்திரையில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்புச் சத்துகள் இரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம் அளவே இருக்கும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலையில் கூடையில் கொட்டும் மத்தி மீன் நூறு கிராமில் அதைவிடப் பல மடங்கு உண்டு, புரதமும் கால்சியமும் தனி. அண்ணன் வீட்டில் இப்போது வாரம் மூன்று நாள் மத்திக் குழம்பு. மணிக்கு அதில் பங்கு இல்லை. சிறுநீரகத்துக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த தனி உணவை எடை போட்டுக் கொடுக்கிறார் அண்ணி.

என் கடையில் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். வைட்டமின் டி பாக்கெட், இரும்புச் சத்து மாத்திரை, சைலிட்டால் உள்ள மெல்லும் மாத்திரை, கால்சியம் சிரப் ஆகியவற்றை நாய்க்கோ பூனைக்கோ கேட்டால் கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் தரமாட்டோம் என்று அதில் இருக்கிறது. பாரசிட்டமாலைப் பூனைக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்க வேண்டாம் என்ற வரியைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். இதே அட்டையைத் தங்கள் கடையிலும் வைக்க விரும்பும் மருந்து வணிகர்கள் யார் வந்து கேட்டாலும் நகல் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.