6 பென்ஸ் கட்டியவளைத் தேடுங்கள்: வேசம் கட்டப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமார், தங்கச்சிமாருக்கு,

15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை வேசம் கட்டி மறுபடி நடித்துக் காட்டும் ரீஎனாக்ட்மென்ட் குழுக்களில் இந்த வருசம் சேர்ந்த உங்களில் நாலு பேர் எனக்கு எழுதியிருந்தீர்கள். மூன்று பேருக்கு ஒரே மாதிரி வேசம். சோழ இளவரசி, சோழத் தளபதி, மறுபடியும் சோழ இளவரசி. மூவரும் கப்பலேறி இங்கிலாந்து அரசர் நான்காம் எட்வேர்டின் அரசவைக்கு வந்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டேன். "இந்த நிறத்தோட அங்க நிக்கிறதுக்கு ஒரு காரணம் வேணுமே அக்கா" என்று பதில் வந்தது.

அந்த வரி இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

சோழர் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சோழர் ஆட்சி 1279 உடன் முடிந்தது. நீங்கள் நடிக்கப்போகும், எட்வேர்ட் வென்ற டூக்ஸ்பரிப் போர் நடந்தது 1471 மே 4. இடையில் 190 வருசத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் 1467-ல் அரசை மீட்ட கனகசூரிய சிங்கையாரியன் இருந்தார். அவருடைய ஆட்கள் யாரும் டூக்ஸ்பரிக்கு வந்ததாக ஒரு துண்டு ஓலையும் இல்லை.

காரணம் வேண்டும் என்றீர்களே, அதுதான் என்னை வருத்துகிறது. மன்னார்க் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் ஐரோப்பிய ராசாக்களின் கதையைக் கூத்தாக ஆடியிருக்கிறார்கள். பகல் முழுக்கக் கடலில் நின்றவர் இரவு முடி தரித்து எம்பரதோராக, அதாவது பேரரசராக வருவார். "உன் நிறத்துக்கு இது பொருந்துமா" என்று சபையில் ஒருவரும் கேட்டதில்லை. தாளம் பிசகினால்தான் கேட்டார்கள். வேசம் கட்டுகிறவர் வம்ச உரிமை கோரவில்லை என்று எங்கள் சனத்துக்கு நன்றாகத் தெரியும். நீங்களும் எவருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஆனால் வேசத்துக்கு ஆதாரம் வேண்டும். அங்கே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதல் வருசம் நானும் சீமாட்டியாகத்தான் போனேன். சிவப்பு வெல்வெற், இரவல் மணிமாலை, லேடி எலினோர் என்று ஒரு பெயர். முகாமுக்கு வந்த ஆறேழு வயதுப் பிள்ளை ஒன்று, "உங்கட அம்மாவின்ர பேர் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. எனக்குத் தெரியவில்லை. எலினோருக்கு அம்மா இல்லை, ஊர் இல்லை, வெல்வெற் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது என்றும் இல்லை. யார் எந்தத் துணி உடுக்கலாம் என்று 1463-ல் சட்டமே போட்டுப் பிரித்த நாடு அது. சப்பாத்தின் கூர் மூக்கு 2 அங்குலத்துக்கு மேல் போகலாமா என்பதற்குக்கூட விதி இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி வெல்வெற்றில் வந்து நின்றால், அவளுக்குப் பின்னால் நிலமும் வீடும் வேலையாட்களும் இருந்தாக வேண்டும்.

ஆகவே துணிக்கடைக்குப் போகுமுன் ஆளைத் தேடுங்கள். 1440-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் வெளியில் பிறந்து வந்தவர்கள்மேல் தலைவரி போட்டது. சொந்தமாக வீடு நடத்துகிறவருக்கு வருசம் 16 பென்ஸ், மற்றவருக்கு 6 பென்ஸ். ஊர்க் கூலியாள் ஒரு நாளைக்கு 4 பென்ஸ் அளவில் உழைத்த காலம். அந்த வரிப் பட்டியல்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. 1330 முதல் 1550 வரை வந்து குடியேறியவர்களில் 64,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களை இன்று இணையத்திலேயே தேடலாம். பிளாண்டர்ஸ் நெசவாளர், ஸ்கொட்லாந்துக் கூலியாள், ஐஸ்லாந்திலிருந்து வந்த வேலைக்காரப் பெடியன் எல்லாரும் அதில் உண்டு. எழுத்தருக்கு வாயில் நுழையாத பெயர்கள் சிதைந்து கிடக்கும். சில இடத்தில் பெயரே இராது, இன்னாரின் வேலைக்காரி என்று மட்டும் இருக்கும். முதன்முதல் அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது நான் அழுதேன்.

நிறமும் பதிவில் உண்டு. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் சவுத்ஹாம்ப்டனில் ஒரு வெனிஸ் வணிகரின் வீட்டில் மரியா மொரியானா என்ற பெண் வேலை செய்தார். எசமான் அவரை விற்கப் பார்த்தார். அவர் நீதி கேட்டு அரசின் உயர் அதிகாரியான சான்சலருக்கு மனுப் போட்டார், அந்த மனு இன்றும் இருக்கிறது. 'மொரியானா' என்பது அவர் மூர் இனப் பெண், அதாவது வட ஆப்பிரிக்க வழி வந்தவர் என்பதைச் சுட்டுவதாகக் கருதுகிறார்கள். இளவரசியைவிட எவ்வளவு பெரிய ஆள்!

இப்போது என் வேசத்தின் பெயர் ஆக்னஸ். பெயர் நான் வைத்தது, மற்றதெல்லாம் பதிவுகளில் பொறுக்கிய துண்டுகள். தாய் கத்தரீன், இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பக்கத்துப் பிரபாந்திலிருந்து வந்து வீட்டுவேலை செய்தவள், 1440-ல் 6 பென்ஸ் கட்டியவள். மகள் லண்டனில் பிறந்து, பட்டு நூலில் நாடாவும் கயிறும் செய்யும் ஒரு பட்டுக்காரியிடம் வேலை பழகினாள். லண்டன் பட்டுக்காரிகளுக்கெனச் சங்கம் இருக்கவில்லை. ஆனாலும் பெண்பிள்ளைகளைச் சேர்த்துத் தொழில் பழக்கினார்கள், 1455-ல் வெளிநாட்டுப் பட்டு நாடாக்களுக்கு எதிராகப் பாராளுமன்றத்துக்கே மனுக் கொடுத்தார்கள். அலிஸ் கிளேவர் என்ற பட்டுக்காரி 1483-ல் மூன்றாம் ரிச்சர்ட்டின் முடிசூட்டுக்குக் கயிறும் குஞ்சமும் செய்துகொடுத்தார்.

காலத்தையும் ஒடுக்குங்கள். நூற்றாண்டு என்று நின்றால் ஒன்றும் பிடிபடாது. நான் எடுத்தது 1471 ஏப்ரலில் ஒரே ஒரு கிழமை. 11ஆம் திகதி, பெரிய வியாழன், எட்வேர்ட் லண்டனுக்குள் நுழைகிறார். 14ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு விடிய, மூடுபனிக்குள் லண்டனுக்கு வடக்கே பார்னெட்டில் போர். அப்படியென்றால் அந்தக் கிழமை ஆக்னசுக்குத் தவக்காலம். இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. கருவாடுதான். வடக்குக் கடல்களிலிருந்து வரும் காய்ந்த கொட் மீனை மரச் சுத்தியலால் ஒரு மணிநேரம் அடித்து, 12 மணிநேரமாவது ஊறப்போடச் சொல்கிறது 14ஆம் நூற்றாண்டுக் கடைசியில் எழுதிய பாரிஸ் வீட்டுக் குறிப்பு ஒன்று. அடித்துப் பார்த்தேன். அரை மணியில் தோள் விட்டுப்போனது, முகாம் முழுக்க அம்மம்மாவின் குசினி மணம். அவித்த மீனை வாயில் வைத்தபோதுதான் ஆக்னஸ் எனக்கு ஆளாகத் தெரிந்தாள். உடுப்பு அதன்பிறகு சுலபமாக வந்தது: லினன் உட்சட்டை, கம்பளி கவுன், தலையை மூட வெள்ளைத் துணி, தேம்ஸ் சேற்றில் கிடைத்தவற்றின் மாதிரியில் பித்தளை ஊசிகள்.

ஜூலையில் டூக்ஸ்பரி வயலில் இருப்பேன். கூடாரத்தில் விரற்கண்ணிப் பின்னல் பழக்குகிறேன், நூல் வளையங்களை விரலில் மாட்டிக் கயிறு பின்னும் வேலை அது. 5 கண்ணி, ஒரு கையில் மூன்று, மறுகையில் இரண்டு. ஒரு கை விரல் மறுகையின் கடைசிக் கண்ணியைக் கவ்வி எடுத்ததும், இரண்டு கையையும் அகல விரித்து இறுக்க வேண்டும். வரும்போது உங்கள் ஆளின் தாய் பெயரோடு வாருங்கள். நூல் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா